வாசகர் கேள்வி – பதில்: நிறுவனம் கொடுத்த பணம், வாக்காளர் கேட்கும் கணக்கு

அரசியல் கட்சிகளுக்கு நிறுவனங்கள் வழங்கும் நன்கொடையைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: சட்டத்தின் பார்வையில் நிறுவனமும் ஒரு நபர்தான். அது வரி செலுத்துகிறது, சொத்து வைத்திருக்கிறது, வழக்குத் தொடுக்கிறது. தனிமனிதர் தமக்குப் பிடித்த கட்சிக்கு நன்கொடை தரலாம் என்றால் நிறுவனம் தருவதை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்)

பதில்: தனிமனிதர் தம் பணத்தைக் கொடுக்கிறார், நிறுவனத்தின் இயக்குநர்கள் பிறருடைய பணத்தைக் கொடுக்கிறார்கள். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கும் பல்லாயிரம் பேரில் ஒருவர் ஒரு கட்சியையும் மற்றொருவர் அதற்கு நேரெதிரான கட்சியையும் ஆதரிக்கக்கூடும். அவர்கள் பங்கு வாங்கியது இலாபத்தை எதிர்பார்த்தே தவிர அரசியல் சார்பைப் பொதுவில் வைப்பதற்காக அன்று.

இந்தக் கேள்வி நம் நீதிமன்றங்களுக்குப் புதியதும் அன்று. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கு வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள டாடா இரும்பு எஃகு நிறுவனம் விரும்பியபோது, ஒரு பங்குதாரர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1957-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவ்வழக்கைக் கேட்ட தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, அன்றைய சட்டம் இடங்கொடுப்பதால் திருத்தத்தைத் தடுக்க இயலாது என்று கூறினாலும், இப்படிப்பட்ட நன்கொடைகள் பெருகினால் அவை மக்களாட்சியையே மூழ்கடித்துவிடக்கூடிய ஆபத்தாக வளரும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். நன்கொடையை அனுமதித்த தீர்ப்பிலேயே அதற்கு எதிரான மிக வலுவான வாதமும் இடம்பெற்றிருப்பது, நீதிமன்றத் தீர்ப்புகளில் அரிதாகவே காணக்கிடைக்கும் நேர்மை.

அதன்பின் 1960-இல் நிறுவனங்கள் சட்டத்தில் முதன்முறையாக வரம்பு வந்தது. 25,000 ரூபாய் அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம். கொடுத்த தொகையையும் பெற்றவர் பெயரையும் இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். வரம்பு, வெளிப்படுத்தல் என்னும் இரண்டு கடிவாளங்களும் அன்றைக்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் 2017-இல் அவை இரண்டும் ஒரே நேரத்தில் அவிழ்க்கப்பட்டன.

கேள்வி: இந்தியாவில் ஒரு காலத்தில் நிறுவன நன்கொடை முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்ததாமே? அப்போது தேர்தல்கள் தூய்மையாக நடந்தனவா?

பதில்: 1969 முதல் 1985 வரை தடை இருந்தது. ஊழலைத் தடுப்பதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. தொழிலதிபர்களின் ஆதரவு ராஜாஜி தோற்றுவித்த சுதந்திரக் கட்சியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததால் அந்த ஊற்றை அடைப்பதே உண்மையான நோக்கம் என்று அந்நாளில் பேசியவர்களும் உண்டு. நோக்கம் எதுவாயினும், கட்சிகளின் செலவுக்கு மாற்று வழி எதையும் காட்டாமல் வாசலை மட்டும் சாத்தியதால், பணம் கொல்லைப்புறமாக நுழைந்தது. கட்சிகள் மாநாட்டு மலர்கள் வெளியிடும். நிறுவனங்கள் அவற்றில் முழுப்பக்க விளம்பரம் தரும். அந்த மலரை யாரும் படிக்கப்போவதில்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். விளம்பரமாக வந்ததாவது கணக்கில் நின்றது. கறுப்புப் பணமாக வந்ததற்குக் கணக்கே இல்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவருடைய செலவு வரம்புக்குள் அடங்கும் என்று 1974 அக்டோபரில் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் ஒன்று பிறந்து, கட்சியின் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று ஆக்கிவிட்டது. 2003-இல் அந்த ஓட்டை ஓரளவு அடைக்கப்பட்டது என்றாலும், இன்றும் மக்களவைத் தொகுதி ஒன்றில் பெரிய மாநிலங்களில் வேட்பாளர் 95 இலட்சம் ரூபாய் வரைதான் செலவிடலாம் என்று வரையறுக்கும் சட்டம், அவருடைய கட்சி தன் பொதுப் பரப்புரைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு எல்லை எதையும் வகுக்கவில்லை. நிறுவனங்களின் பெரும்பணம் வேட்பாளரைத் தேடாமல் கட்சித் தலைமையைத் தேடிப் போவதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: தேர்தல் பத்திரத் திட்டத்தில் உண்மையில் என்னதான் தவறு? பணம் வங்கி வழியாகத்தானே சென்றது? (வணிகவியல் மாணவி ஒருவர்)

பதில்: வங்கியில் பணம் கட்டி வாங்கி, கொடுத்தவர் பெயர் பொதுவில் வெளிவராமல் கட்சிக்குத் தரும் தாளே தேர்தல் பத்திரம்; கட்சி அதை வங்கியில் பணமாக்கிக்கொள்ளும். பணம் வங்கி வழியாகச் சென்றது என்பது சரி, ரொக்கத்தைவிட அது மேலானது என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி வாதிட்டதிலும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தைத் தனியாகப் பார்த்தால் அதன் முழு உருவம் புலப்படாது. அதைச் சுற்றி 2017-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் எதையெல்லாம் திருத்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 182-ஆம் பிரிவில், சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடு என்று வரம்பு வைத்திருந்தது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கேட்டில் காட்டவும் சொன்னது. 2017-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. கட்சியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மொத்தத் தொகையைச் சொன்னால் போதும் என்று ஆனது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை தந்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கட்டளையிலிருந்தும் பத்திரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கை வெளியான பத்திரங்களைப் பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே விற்றது. 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் அவை கிடைத்தன. வாங்கிய 15 நாள்களுக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இலாப வரம்பு நீங்கியதன் பொருளை வணிகவியல் படிக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலாபத்தில் இத்தனை விழுக்காடு என்று இருந்தவரை, கொடுக்கும் நிறுவனம் குறைந்தது இலாபம் ஈட்டும் உண்மையான நிறுவனமாக இருந்தாக வேண்டும். அந்த அளவுகோலை எடுத்துவிட்டால், நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளைக் கொடுக்கலாம். நட்டத்தில் இருப்பவரிடம் கொடுப்பதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, அவர் யாருக்காகக் கொடுக்கிறார் என்னும் கேள்விக்குப் பதில் தேடும் கருவியும் அதோடு போய்விடும். நன்கொடைக்காகவே பெயரளவு நிறுவனங்கள் தொடங்கப்படக்கூடும் என்று தேர்தல் ஆணையமே 2017 மே மாதத்தில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. திட்டம் அறிவிக்கப்படும் முன்பே ரிசர்வ் வங்கியும் தன் மறுப்பைத் தெரிவித்திருந்தது. இரண்டும் கேட்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லலாம். சாதாரண குடிமகன் சிறுதொகை கொடுக்க உதவும் திட்டம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. ஆனால் விற்பனையான பத்திரங்களின் மொத்த மதிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது 1 கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தது. 1,000 ரூபாய்ப் பத்திரத்தை யார் வாங்கினார்கள் என்று தேடுவது வீண்வேலை.

கேள்வி: யாருக்கு வாக்களித்தேன் என்பதை மறைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. யாருக்கு நன்கொடை கொடுத்தேன் என்பதை மறைக்க மட்டும் ஏன் உரிமை இல்லை? எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது வெளியே தெரிந்தால் ஆட்சியில் இருப்பவர்கள் என் தொழிலை விட்டுவைப்பார்களா? (சிறு தொழிற்சாலை நடத்தும் வாசகர்)

பதில்: உங்கள் அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு முன்வைத்த முதன்மையான வாதமும் இதுவே. ஆயினும் இந்த ஒப்புமையைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாக்கு ஏன் இரகசியமாக இருக்கிறது? வாக்காளரை மிரட்டவோ விலைக்கு வாங்கவோ நினைப்பவர், அவர் எப்படி வாக்களித்தார் என்பதைச் சரிபார்க்க முடியாமல் போக வேண்டும் என்பதற்காக. நான் உங்களுக்குத்தான் போட்டேன் என்று ஒருவர் வேட்பாளரிடம் சொல்லலாம், மெய்ப்பிக்க இயலாது. ஆக, பரிசளிக்கவோ தண்டிக்கவோ கூடியவரின் கண்ணைக் கட்டுவதுதான் வாக்கின் இரகசியம். நன்கொடையின் இரகசியமோ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. கட்சியின் அலுவலகத்துக்குப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவரின் முகம் அங்கே தெரியும். கொடுக்காவிட்டாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம். பத்திரத்தை விற்ற வங்கி அரசுடைமை வங்கி. வாங்கியவரின் முழு விவரமும் அதனிடம் இருக்கும். பத்திரத்தில் புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் தனி எண் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது என்பதும் 2018-லேயே வெளிவந்தது. நீங்கள் யாருக்கு அஞ்சுகிறீர்களோ அந்த ஆட்சியாளருக்கு அறிய வழி இருந்தது. உங்களுக்காகக் குரல் கொடுக்கக்கூடிய பொதுமக்களுக்கு மட்டும் கதவு அடைக்கப்பட்டிருந்தது. பழிவாங்கலிலிருந்து உங்களைக் காக்கும் திட்டம் என்று இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளின் அரசியல் சாசன அமர்வு, இத்திட்டத்தை ஒருமனதாகச் செல்லாது என்று அறிவித்தது. அரசியல் சார்பும் ஒருவருடைய அந்தரங்கத்தின் பகுதியே என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிறுதொகை கொடுப்பவர் தம் நம்பிக்கையின் அடையாளமாகக் கொடுக்கிறார் என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெருந்தொகை கொடுப்பவருக்கு ஆட்சியாளரை அணுகும் வழி திறக்கிறது, கொள்கை முடிவுகளில் கைம்மாறு எதிர்பார்க்கும் வாய்ப்பு உருவாகிறது, ஆகவே அதை அறியும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவின்படி வாக்காளருக்கு உண்டு என்றது. வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்குகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று 2002-இல் தொடங்கிய சிந்தனைப் போக்கின் அடுத்த படி இது. தனிமனிதரின் நன்கொடையையும் நிறுவனத்தின் நன்கொடையையும் சட்டம் ஒரே தட்டில் வைத்தது தன்னிச்சையானது என்று கூறி, இலாப வரம்பை நீக்கிய திருத்தத்தையும் தள்ளுபடி செய்தது.

உங்களைப் போன்ற சிறுதொழில் முனைவோரைப் பொறுத்தவரை, 20,000 ரூபாய் வரை கொடுக்கும் நன்கொடைக்குப் பெயர் வெளியிடும் கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கேள்வி: தேர்தல் பத்திரங்களை வாங்கியவர்கள், பணம் பெற்ற கட்சிகள் ஆகியவற்றின் பட்டியலை வெளியிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதே, அது வெளியானபின் என்ன தெரியவந்தது?

பதில்: 2019 ஏப்ரல் 12 முதலான விவரங்களைத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. ஜூன் 30 வரை, அதாவது மக்களவைத் தேர்தல் முடியும்வரை, பாரத ஸ்டேட் வங்கி அவகாசம் கேட்டது. மறுக்கப்பட்டதும் சில நாள்களிலேயே விவரங்கள் வந்துவிட்டன. 2024 மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியலில் மிகுதியாக வாங்கியது ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி ரூபாய். பத்திரங்கள் வழியே அதிகம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி. ஃபியூச்சர் கேமிங்கிடமிருந்து 509 கோடி ரூபாய் பெற்றதைத் திராவிட முன்னேற்றக் கழகம் தானே தெரிவித்திருந்தது. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரங்கள் வழியே பணம் பெறுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்து, வழக்கும் தொடுத்தது. ஒவ்வொரு நன்கொடைக்கும் பின்னால் ஒரு கைம்மாறு இருந்ததா என்பதைப் பட்டியல் சொல்லாது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கக் கோரிய மனுக்களையும் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. ஆனால் ஒப்பந்தங்கள் கிடைத்த நாளையும் சோதனைகள் நடந்த நாளையும் பத்திரம் வாங்கிய நாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் வாக்காளருக்குக் கிடைத்தது.

கேள்வி: பத்திரங்கள் போனாலும் தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றனவே? அவையும் ஒரு திரைதானா?

பதில்: திரைதான்; சற்று மெல்லிய திரை. 2013-இல் வந்த திட்டத்தின்படி, நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்க, அது ஓராண்டில் பெற்றதில் குறைந்தது 95 விழுக்காட்டை அதே நிதியாண்டில் கட்சிகளுக்குப் பிரித்தளிக்க வேண்டும். யார் யார் கொடுத்தார்கள், எந்தெந்தக் கட்சிக்கு எவ்வளவு போனது என்னும் இரண்டு பட்டியல்களும் தேர்தல் ஆணையத்துக்கு வரும். இரண்டையும் இணைக்கும் கோடு மட்டும் வராது. பத்துப் பேர் கொடுத்து நான்கு கட்சிகள் பெற்றால், இன்னாருடைய பணம் இன்னாருக்குப் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பத்திரங்களைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறக்கட்டளை தன் வங்கிக் கணக்கில் ஏற்கனவே வைத்திருக்கும் தகவலைத்தான் நாம் கேட்கிறோம். அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சட்டத்திருத்தம்கூடத் தேவைப்படாது, விதியைத் திருத்தினால் போதும்.

கேள்வி: அமெரிக்காவில் நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்கிறார்கள், அங்கே நிறுவன நன்கொடைக்குத் தடை இருக்கிறது என்றும் எழுதுகிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. அதுதான் அந்நாட்டுச் சட்டத்தின் விந்தை.

நியூயார்க்கில் 1905-இல் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றி நடந்த விசாரணை, காப்பீடு செய்தவர்களின் பணம் கட்சிகளின் தேர்தல் நிதிக்குப் போயிருந்ததை அம்பலப்படுத்தியது. நீதிபதி சாக்ளாவுக்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்த அதே கவலை: பிறருடைய பணம். 1907-இல் டில்மன் சட்டம் கூட்டரசுத் தேர்தல்களில் நிறுவனங்கள் நன்கொடை தருவதைத் தடைசெய்தது. வேட்பாளருக்கு நிறுவனம் நேரடியாகக் கொடுக்கக்கூடாது என்னும் அந்தத் தடை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கொடுப்பது வேறு, தானாகச் செலவிடுவது வேறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976-இல் பக்லி வழக்கில் பிரித்தது. கொடுப்பதற்கு வரம்பு விதிக்கலாம். செலவிடுவது பேச்சுரிமையைச் சார்ந்தது என்றது. 2010 ஜனவரி 21 அன்று சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் நிறுவனங்கள் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பே கூடாது என்று தீர்ப்பானது. சில மாதங்களில் வந்த இன்னொரு தீர்ப்பின் விளைவாக, வரம்பின்றிப் பணம் திரட்டும் 'சூப்பர் பேக்' குழுக்கள் பிறந்தன.

அதே சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் வெளிப்படுத்தல் விதிகளை ஆதரித்தார்கள் என்பதை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. இணையம் இருக்கும் காலத்தில் பங்குதாரரும் குடிமக்களும் உடனுக்குடன் தெரிந்துகொண்டு நிறுவனங்களைக் கேள்வி கேட்பார்கள் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆண்டனி கென்னடியின் எதிர்பார்ப்பு. வரம்பை எடுத்துவிட்டு வெளிச்சத்தை நம்பினார், வெளிச்சம் வரவில்லை. நன்கொடையாளர் விவரம் வெளியிட வேண்டிய கட்டாயமில்லாத சமூகநல அமைப்புகளின் வழியே பணம் சென்றால் மூலம் தெரியாது. அந்த ஓட்டையை அடைக்க 2010-இல் வந்த மசோதா கீழவையில் நிறைவேறியது; செனட் அவையில் விவாதத்தை முடித்து முன்னெடுக்க 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 59 கிடைத்தன. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தம் அரசியல் செலவைப் பங்குதாரருக்குச் சொல்ல வேண்டும் என்று பங்கு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்வதையும் 2015 இறுதியில் நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்து நிறுத்திவைத்தது.

கேள்வி: இவ்வளவு சிக்கல் எதற்கு? பிரேசில், கனடா போல முற்றிலும் தடைசெய்துவிட்டால் என்ன?

பதில்: பிரான்ஸ் 1995-இலும், தென்கொரியா 2004-இலும், கனடாவின் கூட்டரசு 2007 முதலும் நிறுவன நன்கொடையை விலக்கிவிட்டன. பிரேசிலில் பெரும் ஊழல் விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, 2015 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் தடைசெய்தது. ஆகவே செய்ய முடியாத காரியம் அன்று. ஆனால் தடை விதித்த நாடுகள் பணத்துக்கு மாற்று ஏற்பாட்டையும் செய்தன. பிரேசிலில் 2017-இல் பொதுத் தேர்தல் நிதி உருவாக்கப்பட்டது, பிரான்சில் 5 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்ற வேட்பாளரின் செலவில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. 1969-இல் நாம் செய்யாமல் விட்டது இதைத்தான். தேர்தல் செலவுக்கு அரசு பெரும்பாலும் பொருளாகவே உதவி தரலாம் என்று இந்திரஜித் குப்தா குழு 1998-இல் பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே நின்றுவிட்டது.

தடைக்குப் பின்னும் விழிப்பு தேவை என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் பாடம். அங்கே 1977-லேயே நிறுவன நன்கொடை தடைசெய்யப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் ஷார்பொன்னோ ஆணையம் விசாரித்தபோது, பொறியியல் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் பெயரில் நன்கொடை கொடுக்க வைத்து, அந்தத் தொகையை அவர்களுக்குத் திருப்பித் தந்துவந்தது வெளிப்பட்டது. பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் உண்மையான மனிதர்களின் பெயர்கள்; பணம் மட்டும் அவர்களுடையது அன்று. தனிமனிதருக்கான வரம்பை அம்மாகாணம் ஆண்டுக்கு 100 டாலராகக் குறைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். 100 டாலர் வீதம் சேர்த்து ஒப்பந்தம் வாங்க வேண்டுமானால் ஊழியர் படையே வேண்டும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், முழுத்தடையை நான் எதிர்க்கவில்லை. பொதுநிதி ஏற்பாடு இல்லாத தடையை எதிர்க்கிறேன்.

கேள்வி: 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடைக்குப் பெயர் வேண்டாம் என்றால், ஒரு கோடியையே ஐந்நூறு துண்டாக நறுக்கிவிடலாமே?

பதில்: நறுக்கலாம். ரொக்கமாகப் பெறும் தொகைக்கு 2017-இல் 2,000 ரூபாய் என்று வரம்பு வந்ததால் நறுக்குபவருக்கு வேலை கூடியது, அவ்வளவே. பகுஜன் சமாஜ் கட்சி 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை ஒன்றுகூட வரவில்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை தந்துவந்தது. அதை மறுக்கவும் வழியில்லை, மெய்ப்பிக்கவும் வழியில்லை. பெயரின்றிப் பெறும் தொகை மொத்த வரவில் இத்தனை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கட்சியின் பக்கம் வரம்பு வைத்தால்தான் இந்தக் கத்திரி மழுங்கும்.

கேள்வி: என்னிடம் சில நிறுவனங்களின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. அவை எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? தேர்தலுக்கு முன்பே தெரியுமா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: 2024 தீர்ப்புக்குப்பின் 182-ஆம் பிரிவின் பழைய விதி உயிர்பெற்றிருக்கிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இலாப நட்டக் கணக்கையும் அதன் குறிப்புகளையும் பாருங்கள். அரசியல் நன்கொடை என்னும் தலைப்பில் தொகையும் பெற்ற கட்சியின் பெயரும் இருக்க வேண்டும். நன்கொடைக்கு இயக்குநர் குழுவின் தீர்மானம் கட்டாயம். விதியை மீறினால் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் உண்டு. பங்குதாரராகிய உங்கள் ஒப்புதல் மட்டும் நம் சட்டத்தில் தேவையில்லை. பிரிட்டனில் ஓராண்டில் 5,000 பவுண்டைத் தாண்டும் அரசியல் நன்கொடைக்குப் பங்குதாரர்களின் தீர்மானம் முன்கூட்டியே வேண்டும். எனினும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது; ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் இருக்கிறது. கேளுங்கள். கட்சியின் பக்கத்திலிருந்து சரிபார்க்க, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கட்சிகள் அளிக்கும் 24ஏ படிவங்கள் கிடைக்கும். கொடுத்தவர் பெயர், முகவரி, தொகை, செலுத்திய முறை ஆகியவை அதில் இருக்கும்.

தேர்தலுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்களே, தெரியாது என்பதுதான் அதற்கு விடை. 24ஏ படிவத்தை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கொடுத்தால் போதும். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நிறுவனம் நன்கொடை கொடுத்திருந்தால் அது 2024–25 நிதியாண்டின் கணக்கு. அதற்குச் சட்டம் வழக்கமாக வைத்திருக்கும் கடைசி நாள் 2025 அக்டோபர் 31. வாக்கு எண்ணி, அமைச்சரவை அமைந்து, இரண்டு வரவுசெலவுத் திட்டங்கள் நிறைவேறியபின் வாக்காளருக்குச் செய்தி வருகிறது. பிரிட்டனில் பொதுத்தேர்தல் காலத்தில் கட்சிகள் பெருந்தொகை நன்கொடைகளை வாரந்தோறும் தெரிவிக்கின்றன. அமெரிக்காவில் வேட்பாளர்கள் கடைசி இருபது நாள்களில் பெறும் 1,000 டாலருக்குக் குறையாத நன்கொடையை 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஜெர்மனியில் நன்கொடைக்கு வரம்பே இல்லை. ஆனால் 35,000 யூரோவைத் தாண்டினால் உடனே வெளியிட்டாக வேண்டும். இந்தியாவில் பணம் வங்கியிலிருந்து கட்சிக்குச் சென்று சேரச் சில நொடிகள் போதும். அந்தச் செய்தி உங்களை வந்தடையப் பதினெட்டு மாதம் ஆகலாம்.